ஆறு கால் டேங்க்

மரக்காணம் வட்டாரத்தில் ராஜாங்கத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. ஊரார் கேலிக்காகச் சொல்வதில்லை, உள்ளதைத்தான் சொல்கிறார்கள். வயது ஐம்பதைத் தாண்டியும் எருமை தலையை ஆட்டினால் வரப்பை விட்டு இறங்கி நிற்பான். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குத் தூக்கம் வருகிறதா என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வருவான். அப்படிப்பட்ட ஆளைக் கொண்டுபோய்ப் பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்குக்கு ஆப்பரேட்டராகப் போட்டார்கள் பாருங்கள், அந்தப் புண்ணியவான்களைத்தான் சொல்ல வேண்டும். தினமும் இரும்பு ஏணியில் அந்த உயரத்துக்கு ஏறி இறங்குகிற வேலை. ஏறும்போது கீழே பார்க்க மாட்டான், இறங்கும்போது மேலே பார்க்க மாட்டான், நடுவில் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிடுவான்.

ஒரு தடவை போனில் எவனோ அனுப்பிய நிலநடுக்கச் செய்தியைப் படித்துவிட்டு, மாரியம்மன் கோயில் மைக்கைப் பிடுங்கி, சுனாமி வருது ஓடுங்க என்று கத்திவிட்டான். ஊர் மொத்தமும் டிராக்டரிலும் லோடு ஆட்டோவிலும் தொற்றிக்கொண்டு போய்ப் பெருமுக்கல் மலைமேல் ஏறி உட்கார்ந்தது. கடலோ அன்றைக்குத் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. இன்னொரு தடவை, டேங்கில் விரிசல் விழுந்துவிட்டது என்று பிளாக் ஆபீசுக்குப் போன் போட்டான். இன்ஜினியர் ரேணுகா ஸ்கூட்டியில் வந்து, ஏணியில் ஏறி, அந்த விரிசலை விரலால் தொட்டார். விரிசல் கலைந்து நாலாபக்கமும் ஓடியது. அத்தனையும் எறும்பு! அந்த அம்மா சிரிக்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. ஊர் சிரித்தது. அதற்கப்புறம் யாராவது புரளி கிளப்பினால், "இன்னாப்பா, எறும்பா?" என்று கேட்பதே ஊரில் வழக்கமாகிப் போனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயம் அந்த ஆளுக்கு ஒரே ஒரு இடத்தில் கை கொடுத்தது. பிளீச்சிங் பவுடர் கலக்குவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பவுடர் குறைந்தால் கிருமி சாகாது, பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும். கூடினால் நாற்றம் தாங்காமல் ஜனங்கள் அந்தத் தண்ணீரைத் துப்பிவிட்டுக் குட்டைத் தண்ணீரை மொண்டு குடிப்பார்கள், அப்புறமும் வயிற்றால்தான் போகும். இரண்டு பக்கமும் பள்ளம். ராஜாங்கம் தராசில் நிறுத்து, வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் டேங்கில் ஊற்றுவான். மருந்து வேலை செய்ய வேண்டிய நேரம் முழுக்கக் காத்திருப்பான். கடைசித் தெருக் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து விட்டு, இளமஞ்சள் வருகிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவான். "நான் கொழம்புக்கு உப்பு போடக்கூட இவ்ளோ யோசிக்கிறதில்லய்யா" என்பாள் அவன் பெண்சாதி சுலோசனா. அவள் உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போகிறவள். அவனுக்கு நேர்மாறு, எதற்கும் அசைய மாட்டாள்.

இந்தக் கார்த்திகையில் அடித்த புயல் மரக்காணத்தைப் புரட்டிப் போட்டது. கழுவெளி ஏரி நிரம்பி எதிர்த்து வந்து தெருவில் ஏறியது. கிணறெல்லாம் சாக்கடையோடு சாக்கடையாகக் கலந்தது. தெருவுக்குப் போகிற குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது. கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை, ஜனங்கள் கிடைத்ததைக் குடித்தார்கள். அடுத்தாற்போல் வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் பாய் விரிக்க இடமில்லை. அம்சவல்லியின் பேரன், நேற்று வரை தெருவில் டயர் உருட்டிக்கொண்டிருந்த பயல், குளுக்கோஸ் ஏறிக்கொண்டு துணி மாதிரிக் கிடந்தான்.

சுகாதார ஆய்வாளர் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். தெருக் குழாயை அடைத்துவிட வேண்டும். வாடகை ஜெனரேட்டர் வைத்து டேங்கை விளிம்பு வரை ரொப்ப வேண்டும். மருந்தைக் கூடுதலாகப் போட்டு, நன்றாக ஊறவிட்டு, டேங்குக்குக் கீழே இருக்கும் குழாயில் மட்டும் தண்ணீர் பிடிக்கவிட வேண்டும். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. ராஜாங்கம்தான் வழக்கமாக டேங்கை விளிம்பு வரை ரொப்புவதில்லை. வழிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் முக்காலிலேயே நிறுத்திவிடுவான். அன்றைக்கு ஊரில் பிள்ளைகள் கிடக்கிற கிடையைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ரொப்பினான்.

அந்த டேங்க் நிற்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குக் கிழக்கே, உப்பளத்தை ஒட்டி, தண்ணீர் ஏறாத மேடு அது ஒன்றுதான். ஆறு கால்கள். மேற்கே மூன்று, கிழக்கே மூன்று. மழைக்காலம் வருவதற்கு முன் உப்பை எங்கே பத்திரப்படுத்துவது? உப்பளக்காரர் தெய்வசிகாமணிதான் முதலில் தன் உப்பை வண்டியில் கொண்டுவந்து டேங்குக்குக் கீழே கிழக்குப் பக்கமாகக் கொட்டி, பனையோலை போட்டு மூடினார். மேலே டேங்க் கூரை மாதிரி இருக்கிறது, கீழே மேடு, இதைவிட வசதி வேறென்ன? அடுத்த வருஷம் இன்னும் இரண்டு பேர் கொட்டினார்கள். பிறகு வருஷா வருஷம் அங்கே ஆள் உயரத்துக்கு உப்பு நின்றது. வெயில்காலத்தில் விற்றது போக மிச்சம் அப்படியே கிடக்கும், அதன்மேல் புது உப்பு விழும். கிழக்குக் கால் மூன்றும் இடுப்புக்குக் கீழே எப்படி இருக்கின்றன என்று பார்த்தவர் யாருமில்லை. டேங்குக்கு வெள்ளையடிக்க வந்த ஆள்கூட உப்புக்கு மேலே தெரிந்த மட்டும்தான் அடித்துவிட்டுப் போனான்.

உப்பு ஒன்றைக் கெடுக்கும் என்று உப்பளத்து ஆளிடம் சொன்னால் நம்புவானா? மாங்காயைக் கெடாமல் காப்பது உப்பு. மீனைக் கெடாமல் காப்பது உப்பு. உப்பில் போட்டது கெட்டுப்போகும் என்பது அவர்கள் புத்திக்கு எட்டாத சங்கதி. ராஜாங்கத்துக்கும் எட்டவில்லை. எதற்கெல்லாமோ பயந்தவன் அதற்கு மட்டும் பயப்படவில்லை, பாருங்கள்.

புயல் ஓலையைப் பிய்த்துக்கொண்டு போனது. அடித்த மழையில் உப்பு கரைந்து, பால் மாதிரி வெள்ளையாக ஓடி, ஆள் உயரக் குவியல் தரைமட்டமாகிவிட்டது.

காலையில் ராஜாங்கம் மருந்தை ஊற்றிவிட்டு இறங்கினான். ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டேங்குக்கு அடியில் குழாயைச் சுற்றிக் குடங்கள் வளைந்து வளைந்து வரிசை கட்டியிருந்தன. பச்சை, மஞ்சள், ஊதா என்று பிளாஸ்டிக் குடங்கள். குடம் நிற்கிற இடம் அந்த வீட்டு இடம், அதை யாரும் தொடக்கூடாது. தூறல் விழுந்துகொண்டிருந்ததால் குடத்துக்காரிகள் எல்லாரும் டேங்கின் நிழலுக்குள்ளேயே ஒண்டிக்கொண்டு நின்றார்கள். சுலோசனாவும் நின்றாள். மருந்து ஊறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மேலே தண்ணீர் வழிகிற குழாய் சரியாகக் கொட்டுகிறதா என்று பார்க்க ராஜாங்கம் கிழக்குப் பக்கமாகச் சுற்றிப் போனான். வழிந்த தண்ணீர் நேராகக் கொட்டியது. பார்த்துவிட்டுத் திரும்பினவன் காலைப் பார்த்தான். டேங்கின் காலை.

இடுப்பு உயரத்துக்குக் கீழே கான்கிரீட் இல்லை. பரோட்டா பிய்ந்த மாதிரி ஏடு ஏடாக உரிந்து தரையில் கிடந்தது. உள்ளே இருந்த கம்பிகள் துருப்பிடித்துப் புடைத்து, வெளியே வளைந்து பிதுங்கி நின்றன. விரலால் ஒன்றைத் தொட்டான். பொரி மாதிரி உதிர்ந்தது. பக்கத்துக் காலைப் பார்த்தான். அதுவும் அப்படியே. அதற்கடுத்த கால் இன்னும் மோசம், நடுவில் கை விட்டால் அந்தப் பக்கம் வரும்போல் இருந்தது.

 ராஜாங்கம் முதலில் கண்ணைக் கசக்கினான். எறும்பாக இருக்கட்டும் சாமி, எறும்பாக இருக்கட்டும் என்று வாய் முணுமுணுத்தது. பிறகு ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினான். சத்தம் அடங்கியதும்தான் இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. டிக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், டிக். காலிலிருந்து ஒரு சில்லு தெறித்து அவன் செருப்பின்மேல் விழுந்தது.

போனில் சார்ஜ் சாகக் கிடந்தது. ரேணுகாவின் நம்பரை அழுத்தினான்.

"மேடம், டேங்க் ராஜாங்கம் பேசறேன். எறும்பு இல்ல மேடம். எம் பொண்டாட்டி மேல சத்தியமா எறும்பு இல்ல."

"சொல்லுங்கண்ணா. இன்னா ஆச்சு?"

சொன்னான். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. ரேணுகா பொறுமையாகக் கேட்டார்.

"பதறாதீங்கண்ணா. ஆறு கால் இருக்குது. ஒரு கால் வீக்கானாலும் மத்ததுங்க தாங்கிக்கிற மாதிரி கூடுதலாத்தான் போட்டிருப்பாங்க. ஒடனே வுழுந்துடாது."

அப்பாடா என்று ராஜாங்கத்துக்கு ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சோடு சொன்னான்: "கெழக்கால மூணு காலுமே அப்படித்தான் இருக்குது மேடம்."

"என்னது? மூணுமா?"

"மூணும் உப்புக்குள்ளதான் மேடம் நின்னுச்சு, இத்தினி வருஷமா."

   அடுத்து வந்தது முன்பு பேசிய ரேணுகாவின் குரல் மாதிரி இல்லை.

"டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குது?"

"ரொப்பிட்டேன் மேடம். வழிய வழிய."

"கீழே யாராவது இருக்காங்களா?"

"ஊரே இருக்குது மேடம்."

"அண்ணா, நான் சொல்றதைக் கேளுங்க. கூடுதல் கால் வச்சது ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான். ஒரே உப்பு மூணையும் தின்னிருந்தா அந்தக் கணக்கே செல்லாது. எப்ப வேணா வுழலாம். தண்ணியைத் தெறந்து வுடறேன்னு வால்வுகிட்ட போவாதீங்க, அது அந்தக் காலுங்க நடுவுலதான் இருக்குது. மொதல்ல ஜனங்களை வெளியேத்துங்க. நான் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கினு இருக்கேன், பாலத்து மேல தண்ணி ஓடுது. ஃபயர் சர்வீசுக்கு நான்..."

போன் இருண்டுபோனது. ராஜாங்கம் அதை இரண்டு தட்டுத் தட்டினான். செத்த போன் தட்டினால் பிழைக்குமா? பையில் போட்டுக்கொண்டு மேற்குப் பக்கம் ஓடினான்.

"எல்லாரும் வெளிய வாங்க! டேங்க் வுழப் போவுது! கால் மூணும் போயிடுச்சு, வாங்க வெளிய!"

ஒருத்தியும் அசையவில்லை. முன்னால் நின்ற அம்சவல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பேரனை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, நல்ல தண்ணீர் ஒரு குடம் கொண்டுபோக முதல் ஆளாக வந்து நின்றவள்.

"இன்னா ராஜாங்கம், எறும்பா?"

டேங்குக்கு அடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கவலையில் இருந்த ஜனங்கள், சிரிக்க ஒன்று கிடைத்ததும் விடவில்லை.

"எறும்பு இல்லம்மா, இன்ஜினியரம்மாவே சொல்லிட்டாங்க! வந்து பாருங்களேன் அந்தப் பக்கம்!"

"நாங்க அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் குடத்தை நவுத்துவாளுங்க. போய்யா."

தெய்வசிகாமணி குடை பிடித்துக்கொண்டு, கரைந்துபோன தன் உப்பைப் பார்த்தபடி நின்றார். ராஜாங்கம் அவரிடம் ஓடினான். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா. கால் உப்புல அரிச்சுப் போச்சு."

"டேய், வருஷ உப்பும் கடலுக்குப் போயிடுச்சேன்னு வயிறு எரிஞ்சி நிக்கறேன், நீ வேற. உப்பு அரிக்குமா? எங்க தாத்தா காலத்துல இருந்து உப்புலதான் நிக்கறோம், எங்க காலு அரிச்சுதா?" என்றார் அவர். அதற்கும் சிரிப்பு.

சுலோசனாவுக்கு முகம் செத்துப்போனது. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: "யோவ், மானத்தை வாங்காத. காலையில கஞ்சி குடிச்சியா இல்லியா? போய்க் கொஞ்சம் உக்காரு."

"சுலோ, நெஜமாடி..."

"தெரியும்யா. போன தடவையும் நெஜம்னுதான் சொன்ன."

டிக் என்று மறுபடி கேட்டது. அவனுக்கு மட்டும்தான் கேட்டது, மற்றவர்கள் பேச்சில் அமுங்கிவிட்டது.  ராஜாங்கத்துக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. தோன்றுவதென்ன, கால் அரை வட்டம் திரும்பியே விட்டது. இவ்வளவு நாள் வீண் பயம் பயந்து, சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துகொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் இவர்கள் வரப்போவதில்லை. இழுத்தால் எத்தனை பேரை இழுப்பது? தண்ணீரை விட்டு இவர்களை எது கிளப்பும்?

குடங்களைப் பார்த்தான்.

அந்த ஊரில் அடுத்தவர் குடத்தில் கை வைத்தவன் சும்மா வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பெண்கள் அண்டை வீட்டுக்காரியோடு ஆறு மாசம் பேசாமல் இருந்தால், விசாரித்துப் பார்த்தால் அடியில் ஒரு குடம் இருக்கும். ராஜாங்கம் கண்ணை இறுக்கி மூடித் திறந்தான். முன்னால் இருந்த அம்சவல்லியின் மஞ்சள் குடத்தை ஓங்கி ஒரு உதை விட்டான். அது பறந்துபோய் வரிசையில் இடித்து, ஏழெட்டுக் குடங்களைச் சாய்த்துக்கொண்டு உருண்டது. தள்ளி நின்ற ஊதாக் குடத்தையும் உதைத்தான்.

"தண்ணியும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது! பிளீச்சிங்கை மூட்டை மூட்டையா கொட்டிட்டேன் உள்ள! குடிச்சீங்கன்னா கொடலு வெந்துடும்! எல்லாம் போங்கடி வூட்டுக்கு!"

எருமைக்கு ஒதுங்குகிற ராஜாங்கமா பேசுகிறான்?  அம்சவல்லி சேலையை இழுத்துச் செருகினாள்.

"பேமானி! புள்ளைங்க சாவக் கெடக்குது, நீ தண்ணியில வெஷத்தையா கொட்டின? புடிங்கடி அவனை!"

ராஜாங்கம் அவள் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினான். ஓடுவதில் அவனுக்கு நல்ல பழக்கம், வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்தான்! மேற்கே ஈசிஆர் ரோட்டுக்குப் போகிற மண்பாதையில் சேற்றை வாரி அடித்துக்கொண்டு பறந்தான். பின்னால் பெண்கள், பெண்களுக்குப் பின்னால் ஆண்கள், எல்லாருக்கும் பின்னால் குடையோடு தெய்வசிகாமணி. ஒரு கல் வந்து முதுகில் விழுந்தது. இன்னொன்று காதை உரசிக்கொண்டு போனது. அடிங்க, நல்லா அடிங்க, ஆனா நிக்காம வாங்க என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓடினான். திரும்பிப் பார்த்தான். டேங்கின் நிழலைத் தாண்டி, புளியமரத்தையும் தாண்டிக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. வந்துவிட்டார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். சுலோசனாவின் முகம் இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தான். அங்கே டேங்கின் கீழே ஒரே ஒருத்தி குனிந்து, சாய்ந்து கிடந்த குடங்களை நிமிர்த்தி, யாருடையது எது என்று பார்த்துப் பார்த்து வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் செய்த அசிங்கத்தைப் பெண்சாதி துடைக்க வேண்டாமா? அதோடு போயிற்றா, பிளீச்சிங்கை மூட்டையாகக் கொட்டினேன் என்று அவன் சொன்னதை ஊர் மொத்தமும் நம்பியது, அவள் நம்பவில்லை. ஒரு சிட்டிகைக்குத் தராசை மூன்று தடவை பார்க்கிற மனுஷன் அவன் என்று அவளுக்குத் தெரியாதா? தண்ணீர் நல்ல தண்ணீர்தான், இவருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது, ஜனங்கள் திரும்பி வருவதற்குள் வரிசையைச் சரி பண்ணிவிடுவோம் என்று அவள் நின்றுவிட்டாள்.

"சுலோ!"

அவன் கத்தியது கூட்டத்தின் கூச்சலில் காணாமல் போனது. அவன் குடத்தைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினான். அடிக்க வந்த கூட்டத்துக்குள்ளேயே நேராக ஓடினான். எதிர்த்து வருகிறான் என்று நினைத்து முன்னால் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். அம்சவல்லி அவன் சட்டையைப் பிடித்தாள், சட்டை கிழிந்து அவள் கையோடு போனது. ஒரு கட்டை தோளில் விழுந்தது. அவன் நிற்கவில்லை.

பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியெல்லாம் யாருக்கும் போகாது.   கிட்டே போகப் போக அந்த டேங்க் தலைக்குமேல் பெரிதாகிக்கொண்டே வந்தது. வேணாம், வேணாம், வேணாம் என்று உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் சொன்னது. அவன் ஓ என்று அழுதுகொண்டே அதன் அடியில் நுழைந்தான்.

"வாடி! வா!"

"இன்னாய்யா உனக்குக் கேடு? இந்தக் குடம் சரண்யாவோடதா, மேல வூட்டு..."

"வுடுடி குடத்தை!"

"யோவ், இத்தினி பேர் எதிர்ல என்னை ஏன்யா..."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக அவன் பயந்த முகத்தை அவள் பார்க்காத நாள் கிடையாது. பாம்புக்குப் பயந்த முகம், இடிக்குப் பயந்த முகம், அதிகாரிக்குப் பயந்த முகம், எல்லாம் அத்துப்படி. இது அதில் எதுவும் இல்லை. இத்தனை நாள் அவன் பயந்தால் ஓடிப்போவான். இப்போது பயந்துகொண்டே உள்ளே வந்து நிற்கிறான். அவள் கையிலிருந்து குடம் நழுவியது.

அப்போது மேலே எங்கோ பெரிய மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

இரண்டு பேரும் ஓடினார்கள். யார் யாரை இழுத்தார்கள் என்று பிற்பாடு அவர்களுக்கே தெரியவில்லை. சேற்றில் சுலோசனா விழுந்தாள், அவன் அவள் கையை விடாமல் அப்படியே தரதரவென்று இழுத்தான். அவளை இழுக்க இழுக்க அவனும் விழுந்தான், இரண்டு பேரும் முட்டி போட்டுத் தவழ்ந்தார்கள். பின்னால் கிழக்குக் கால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. டேங்க் உப்பளத்துப் பக்கம் தலையைச் சாய்த்தது. மேற்குக் கால் மூன்றும் கொஞ்சம் தாங்கிப் பார்த்தன, அப்புறம் அவையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போயின. பூமி அதிர்ந்தது. அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் வெடித்துக் கிளம்பி, அந்த இரண்டு பேரையும் உருட்டிப் புரட்டி, புளியமரத்தடியில் கொண்டுவந்து போட்டது.

ராஜாங்கம் வாயில் போன சேற்றைத் துப்பிவிட்டு முதலில் அவள் கையைத் தேடினான். அவன் கையிலேயே இருந்தது. அவள் இருமினாள். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் வந்தது, வேறொன்றும் இல்லை. குடங்கள் நின்ற இடத்தில் வீடு உயரத்துக்குக் கான்கிரீட் கிடந்தது. அதன் அடியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் துணுக்குகள் தண்ணீரோடு மிதந்து வந்தன.

கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. கல்லை வைத்திருந்தவன் கையிலேயே வைத்திருந்தான். அம்சவல்லி ராஜாங்கத்தின் கிழிந்த சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு, தன் குடம் முதலில் இருந்த இடத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு பெண் மாரியாத்தா மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதலில் வாய் திறந்தவர் தெய்வசிகாமணி. குடை காற்றில் மடங்கிப் போயிருந்தது. "பாத்தீங்களா? மருந்து! அத்தினி மருந்தைக் கொட்டினா தூணு அரிக்காம இன்னா ஆவும்? அவன் வாயாலயே சொன்னானே, மூட்டை மூட்டையா கொட்டினேன்னு!"

ஜனங்கள் ராஜாங்கத்தைப் பார்த்தார்கள். சொன்னது அவன்தான், எல்லாரும் கேட்டார்கள். இப்போது இல்லை என்றால் யார் நம்புவார்கள்?   ஊர் சேர்ந்து அடிக்கும், பஞ்சாயத்து வேலையைப் பிடுங்கும், போலீஸ் வரும் என்று வழக்கமான பயங்கள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன.

சுலோசனா எழுந்து நின்றாள். தலைமுடியெல்லாம் சேறு.

"இந்த ஆளா? இந்த ஆளு மூட்டை மூட்டையா கொட்டுவாரா? தெனமும் இவரு குடுத்த தண்ணியைக் குடிச்சீங்களே, ஒரு நாளு நாறுச்சா? ஒரு நாளு கொறஞ்சுதா? உங்களைக் கெளப்பறதுக்கு அந்தப் பொய்யைச் சொல்லிட்டு ஓடுறாரு, கல்லால அடிக்கிறீங்க. போய் அந்தக் கம்பியை எல்லாம் தொட்டுப் பாருங்க, மருந்து தின்னுச்சா உப்பு தின்னுச்சான்னு!"

யாரும் போய்த் தொடவில்லை. ஆனால் கையில் கல் வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான். தெய்வசிகாமணி மடங்கின குடையை நிமிர்த்துவதில் மும்முரமானார்.

சுலோசனா ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள். அவன் மண்ணில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் கைகளால் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் ஓங்கி அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். கட்டை விழுந்த அதே தோள். அவன் கத்தினான்.

"ஊருக்குப் பொய் சொல்றதா இருந்தா மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லுய்யா. நான் உன்னை நம்பித்தானே அங்க நின்னேன்."

சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்து, அவன் கிழிந்த பனியனைப் பிடித்துக்கொண்டு அவள் அழத் தொடங்கினாள். எதற்கும் அசையாதவள் என்று ஊர் சொல்லும் அந்தப் பெண்ணின் உடம்பு, தலையிலிருந்து கால் வரை நடுங்கிக்கொண்டிருந்தது.